சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த எண்

பெல்ஜியத்தின் கிழக்கே லிம்பர்க் என்றொரு மாகாணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரின் ஹேண்டில்பாரைப் பாருங்கள். மணிக்குப் பக்கத்தில் கவ்வி ஒன்று இருக்கும். அதில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் பேனாவால் கொட்டை எழுத்தில், உதாரணத்துக்கு, 71, 74, 51, 50, 72, 71 என்று ஆறு எண்கள். ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ, இடது வலது என்ற குறிப்போ எதுவுமில்லை. அந்த ஆறு எண்களை வைத்துக்கொண்டு அவர் முப்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்.

ஒவ்வொரு எண்ணும் ஒரு சந்தி. முச்சந்தி, நாற்சந்தி என்று நாம் சொல்கிறோமே, அதேதான். சைக்கிள் பாதைகள் மூன்றோ நான்கோ கூடுகிற இடத்தில் ஒரு கம்பம் நட்டு, அந்தச் சந்திக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். கம்பத்தில் உள்ள அம்புக்குறிகள் அடுத்தடுத்த சந்திகளின் எண்களைச் சொல்லும். 71-இல் நின்று 74-க்கான அம்பைத் தேடி அதன்படி மிதிக்க வேண்டும். வழியில் பாதை எங்கே திரும்பினாலும் அங்கே சிறிய பலகையில் 74 என்று இருக்கும். 74-ஐ அடைந்ததும் காகிதத்தைப் பார்த்து 51-க்கான அம்பைத் தேட வேண்டும். செயல்முறை இவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளையும் வழிகாட்டலாம்.

நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று உலகத்தில் போடப்பட்ட வரைபடங்களில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் அறியேன். அந்த எண் எங்கே பிறந்தது, எப்படித் தரைக்கு வந்தது என்பதுதான் இந்தக் கதை.

பிறந்தது தரைக்குக் கீழே.

1901-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லிம்பர்க்கில் ஆஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஆந்த்ரே டூமோன் என்ற நிலவியல் அறிஞர் நடத்திய துளையிடலில் நிலக்கரி தட்டுப்பட்டது. அதுவரை அது புதரும் மணலும் மண்டிய பூமி. பிறகு அங்கே ஏழு சுரங்கங்கள் எழுந்தன. வின்டர்ஸ்லாக் சுரங்கம் 1917-இல் முதலில் கரியை மேலே கொண்டுவந்தது. கரிப் படுகை கிடந்ததோ அரை கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். அந்த ஆழத்தில் சூரியன் கிடையாது. கிழக்கு மேற்கு கிடையாது. கோபுரம், ஆலமரம், பெட்டிக்கடை என்று அடையாளம் வைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரியான இருட்டுக் குடைவழி. குடைவழிகள் கூடும் சந்திகளுக்கு எண் போடுவது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அந்தக் குடைவழிகளில் வேலை செய்தவர்கள் ஒரு மொழிக்காரர்கள் அல்லர். 1946-இல் பெல்ஜியம் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. 1964-இல் மொராக்கோவோடும் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்தது. போலந்துக்காரர், கிரேக்கர், ஸ்பானியர் என்று பலரும் வந்தார்கள். கெங்க் நகரத்துச் சுரங்கக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் டச்சையும் இத்தாலியனையும் துருக்கியையும் கலந்து, தமக்கென்று ஒரு பேச்சு வழக்கையே உண்டாக்கிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சந்திக்கு டச்சுப் பெயர் வைத்தால் பாதிப் பேருக்கு அதை வாசிக்கவே வராது. எண் வைத்தால் எல்லோருக்கும் வரும்.

1980-களின் பிற்பகுதியில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. கடைசியாக 1992 செப்டம்பரில் சோல்டர் சுரங்கம் மூடப்பட்டது. அத்துடன் பெல்ஜியத்தின் நிலக்கரிக் காலமே முடிந்தது. மாகாணத்தில் மிஞ்சியவை வேலையில்லாத குடும்பங்கள், இரும்புக் கோபுரங்கள், தோண்டிக் கொட்டிய கல்லும் மண்ணும் மலைபோல் குவிந்த மேடுகள், கரி போகாத ரயில் தடங்கள், கால்வாய்க் கரைகள். கூடவே, அந்தக் காலத்துக்கும் முந்திய புதர்க்காடும் குளங்களும். வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் வரவழைத்தால் உணவகமும் விடுதியும் பிழைக்கும் என்ற யோசனை அப்போது எழுந்தது.

சைக்கிள் வழிகள் முன்பே இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸ் முழுவதும் வட்டப் பாதைகள் இருந்தன. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெயர், ஒரு சின்னம், தனித்தனிப் பலகை. இரண்டு மூன்று வட்டங்கள் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் கம்பம் நிறையப் பலகை தொங்கும். தன் சின்னத்தைத் தேடுவதற்குள் சைக்கிள் திருப்பத்தைத் தாண்டிவிடும். அதைவிடப் பெரிய குறை, வட்டம் என்றால் வட்டம்தான். நாற்பது கிலோமீட்டர் பாதையில் பதினைந்தாவது கிலோமீட்டரில் பிள்ளைக்குக் கால் வலித்தாலும், மழை பிடித்துக்கொண்டாலும், குறுக்கே வீடு திரும்ப வரைபடத்தில் வழி இருக்காது. பலகைகள் பெரும்பாலும் ஒரு திசைக்குத்தான் நடப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் போனால் அம்புகளுக்கு அர்த்தமில்லை.

ஹ்யூகோ போலென் என்பவர் சுரங்கப் பொறியாளர். லிம்பர்க்கின் கெம்பன், மாஸ்லாந்து வட்டாரத்துக்குச் சைக்கிள் பாதைகளைத் திட்டமிடும் பொறுப்பு வந்தபோது, சந்திகளுக்கு எண் கொடுக்கும் சுரங்க வழக்கத்தை அவர் மேலே கொண்டுவந்தார். வட்டங்களைக் கைவிட்டு வலை ஒன்றைப் பின்னினார். எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்திக்குப் போவது என்பதைச் சைக்கிள்காரரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1995-இல் அந்த வலை திறக்கப்பட்டது. அந்த வகையில் உலகத்திலேயே முதலாவது அதுதான்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கோலம் போட்டுப் பார்க்கலாம். மூன்று புள்ளி மூன்று வரிசை. அக்கம்பக்கத்துப் புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். ஒன்பது சந்தி, பன்னிரண்டு பாதைத் துண்டு. போன புள்ளிக்கே மறுபடி போகாமல் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் சுற்றுகள் இதில் எத்தனை என்று எண்ணினால் 13 வரும். நான்கு புள்ளி நான்கு வரிசை என்றால் 213. ஐந்து புள்ளி ஐந்து வரிசை, அதாவது 25 சந்தியும் 40 துண்டுகளும் மட்டுமே உள்ள ஒரு சிறிய வட்டாரத்தில், 9,349 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஒரு சின்னம் என்று பலகை அடித்தால் மாகாணத்தில் கம்பம் நட இடமிருக்காது. சந்திக்கு எண் கொடுத்தபோதோ, நாற்பது துண்டுகளுக்கு மட்டும் பலகை வைத்தால் போதும் என்றாயிற்று. ஒவ்வொரு துண்டுக்கும் இரு திசையிலும் வைத்தார்கள். ஒன்பதாயிரம் சுற்றுகளும் தாமாகக் கிடைத்துவிட்டன. சுருக்கிக்கொள்ளலாம், நீட்டிக்கொள்ளலாம், திரும்பியும் வரலாம்.

எண் ஏன் இரண்டு இலக்கம்? இங்கேதான் வரைபடக் கலையின் நுட்பம் இருக்கிறது. நிதானமாக மிதிக்கும் ஒருவர் மணிக்கு 18 கிலோமீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு ஐந்து மீட்டர். ஒரு பலகையைப் படிக்க இரண்டு விநாடி ஆனால் பத்து மீட்டர் கடந்திருப்பார்; திருப்பம் பின்னால் போயிருக்கும். ஓர் ஊர்ப் பெயரைச் சிறிய பலகையில் எழுதினால் எழுத்து மெலிந்துவிடும். இரண்டு இலக்கத்தை எழுதினால் அதே பலகையில் பெரிதாக நிற்கும், தூரத்திலேயே கண்ணில் படும். வண்ணத்தால் வழிகாட்டலாம் என்றால் அதிலும் சிக்கல். ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை போன்ற நிறங்களைப் பிரித்தறிவதில் குறையிருக்கிறது. நான்கைந்து வருட வெயிலிலும் மழையிலும் சாயம் வேறு வெளுக்கும். எண் வெளுத்தாலும் படிக்க முடியும்.

பெயர்களின் தொல்லையோ பெல்ஜியத்துக்கே உரியது. பிரெஞ்சுக்காரர் லியேஜ் என்று சொல்லும் நகரத்தை டச்சு பேசுகிறவர் லௌக் என்பார், ஜெர்மானியர் லுட்டிக் என்பார். ஃபிளாண்டர்ஸில் காரோட்டிக்கொண்டு வரும் வெளிநாட்டவர், பிரான்ஸின் லீல் நகரத்துக்கு வழி தேடினால் பலகையில் ரைசெல் என்றிருக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் தாண்டிப் போவார்கள். மூன்று ஆட்சிமொழிகள் உள்ள நாட்டில் மொழி எல்லையை நாளொன்றுக்கு இரண்டு முறை கடக்கக்கூடியவர் சைக்கிள்காரர். 74 எந்தப் பக்கத்திலும் 74-தான். சுரங்கத்தில் துருக்கியருக்கும் இத்தாலியருக்கும் பொதுவாயிருந்த அதே எண், மேலே வந்து டச்சு பேசும் ஃபிளெமிஷ்காரருக்கும் பிரெஞ்சு பேசும் வாலூன்காரருக்கும் பொதுவாயிற்று.

இனி அந்த வரைபடத்தையே விரித்துப் பார்ப்போம். கார்களுக்கான வரைபடத்தில் நெடுஞ்சாலை தடித்து ஓடும், கிராமப் பாதை மயிரிழையாகத் தேயும். இதில் தலைகீழ். நெடுஞ்சாலை வெளிறிய சாம்பல் கோடு. குளக்கரைப் பாதை தடித்த கோடு. சந்தி எண்கள் வட்டத்துக்குள் பெரிதாக நிற்கின்றன. இரண்டு சந்திகளுக்கு நடுவே சிறிய எழுத்தில் தூரம்: 2.6, 4.1 என்று ஒரு தசம இலக்கத்தோடு. காகிதத் துண்டில் எண்களை எழுதும்போதே இந்தத் தூரங்களைக் கூட்டிக்கொண்டால் மொத்தப் பயணம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வேறு விவரம் அதிகமில்லை. எதை விடுவது என்று தெரிந்தவர்கள் செய்த படம் அது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மெச்சுவது, அது கையிலிருந்து மறைந்துவிடத் தெரிந்த வரைபடம். நடுவழியில் அதை விரிக்க வேண்டியதில்லை. காற்றில் படபடக்கும் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் சைக்கிளைத் தாங்கும் அவஸ்தை இல்லை. வீட்டு மேசையில் ஒருமுறை பார்த்து, ஆறு எண்களை எழுதிக்கொண்டால் மிச்ச வரைபடம் சாலையோரக் கம்பங்களில் நிற்கிறது. தாளில் இருப்பதையே கம்பமும் சொல்கிறது, ஒரு எழுத்து மாறாமல். வரைபடம் ஒரு பெயர் சொல்ல, பலகை வேறு பெயர் சொல்ல, நடுவில் நின்று திகைத்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? பல சந்திகளில் அந்த வட்டாரத்தின் முழுப் படமும் ஒரு பெரிய பலகையில் இருக்கும். காகிதத்தைத் தொலைத்தாலும் அங்கே நின்று புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

எண் லிம்பர்க்கோடு நிற்கவில்லை. ஃபிளாண்டர்ஸின் மற்ற மாகாணங்கள் எடுத்துக்கொண்டன. 1990-களின் இறுதியில் நெதர்லாந்துக்குள் நுழைந்தது.

நெதர்லாந்து இந்த விஷயத்தில் சாதாரண நாடில்லை. அங்கே 1883-இல் தொடங்கிய சைக்கிள்காரர் சங்கமான ஏ.என்.டபிள்யூ.பி.தான் பிற்காலத்தில் நாட்டின் கைகாட்டிகளையே நட்டது. 1919-இல் அது நடத் தொடங்கிய காளான் கைகாட்டி இன்றும் காடுகளில் இருக்கிறது. முழங்கால் உயரம்; தொப்பி போன்ற தலை; தலையின் சரிந்த பக்கங்களில் ஊர்ப் பெயரும் தூரமும். லேலிமன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. இயற்கைக் காட்சியை மறைக்காதபடி தாழ்வாக, ஆனால் சைக்கிளில் இருந்து குனியாமல் படிக்கும்படி. ஒவ்வொரு காளானுக்கும் ஒரு தனி எண் உண்டு. அந்த எண் வரைபடங்களிலும் அச்சாகும். காளானின் எண்ணைப் படித்தால் வரைபடத்தில் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆக, எண்ணைப் பார்த்து இடமறியும் பழக்கம் டச்சுக்காரர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் சந்தி எண் அங்கே அத்தனை சீக்கிரம் வேர் பிடித்தது என்று நினைக்கிறேன். வெள்ளைப் பலகையில் பச்சை எண்ணாக அது நாடு முழுவதும் பரவியது. தொலைதூரத் தேசியப் பாதைகளுக்குத் தனிப் பலகை வைத்திருந்தவர்கள், அவற்றில் பலவற்றை விட்டுவிட்டு இந்த வலையையே நம்பும் நிலை வந்தது.

பிறகு ஜெர்மனி. நெதர்லாந்தை ஒட்டிய நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், கைகாட்டிக் கம்பத்தின் தலையில் சிவப்புத் தொப்பி மாதிரி எண் உட்கார்ந்திருக்கும். அங்கே ஊர்ப் பெயரையும் தூரத்தையும் கைவிடவில்லை. பெயர் கையில், எண் தலையில். பெல்ஜியத்தின் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிப் பகுதிகளும் எடுத்துக்கொண்டன. சைக்கிளுக்குப் போட்ட எண் நடப்பவர்களுக்கும் இறங்கி வந்தது. நடப்பவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான் போவார் என்பதால் அவர்களுடைய வலையில் சந்திகள் நெருக்கமாக இருக்கின்றன. வலை ஒன்றே, கண்ணியின் அளவுதான் வேறு.

2004-இல் பிறந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் இந்த எண் ஏறியது. ஆர்வலர்கள் சந்தி சந்தியாகப் போய்ப் பார்த்து எண்ணைப் பதிவு செய்தார்கள். சைக்கிள் வலையின் சந்திக்கு ஒரு குறிச்சொல், நடை வலையின் சந்திக்கு இன்னொன்று. இன்று கைபேசியில் தொட்டாலே செயலி எண் வரிசையைத் தந்துவிடுகிறது. அப்படியும் பலர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். வெயிலில் திரை தெரியாது, மழையில் விரல் வழுக்கும், பேட்டரி தீரும். காகிதத்துக்கு இந்த வியாதிகள் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான இடங்களில் ஒன்று முதல் 99 வரைதான் எண்கள். ஆகவே அவை திரும்பத் திரும்ப வரும். ஒரு 47 இங்கே, இன்னொரு 47 அறுபது கிலோமீட்டர் தள்ளி. விழுந்து அடிபட்டவர் ஆம்புலன்ஸை அழைத்து 47-இல் இருக்கிறேன் என்றால் எந்த 47 என்று கேட்பார்கள். காளானின் தனி எண் இந்த இடத்தில் மேல். யாராவது ஒரு பலகையைத் திருப்பி வைத்துவிட்டாலோ, மரக்கிளை வளர்ந்து மறைத்துவிட்டாலோ சங்கிலி அறுந்துவிடும். அதனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் தன்னார்வலர்கள் தமக்கென்று ஒதுக்கிய பாதையில் குறித்த காலத்தில் போய், கிளையை வெட்டி, பலகையைத் துடைத்து, காணாமற்போனதை எழுதி அனுப்புகிறார்கள். இந்த வரைபடம் அச்சானதும் முடிந்துவிடுவதில்லை. பராமரிப்பு நின்ற வருடமே அது செத்துவிடும்.

இன்னொரு குறை எனக்கு உண்மையிலேயே உறுத்துகிறது. எண்ணை மட்டும் பின்பற்றிப் போகிறவர் நான்கு கிராமங்களைக் கடந்துவிட்டு, ஒன்றின் பெயரும் தெரியாமல் வீடு திரும்பக்கூடும். வழி தெரிந்தது, ஊர் தெரியவில்லை. பெயரையும் எண்ணையும் ஒரே கம்பத்தில் வைத்த ஜெர்மானிய வழியே இதில் சரி என்பது என் எண்ணம்.

லிம்பர்க் மட்டும் தன் பாதையை விடாமல் பின்னிக்கொண்டே இருக்கிறது. 2006-இல் பழைய சுரங்கப் பகுதியை ஒட்டி ஹோகெ கெம்பன் தேசியப் பூங்கா திறந்தது. சுரங்கக் கழிவு மேடுகளில் இப்போது ஏறிப் பார்க்க முடிகிறது. வின்டர்ஸ்லாக் சுரங்கக் கட்டடம் கலை மையமாகிவிட்டது. பொக்ரைக் என்ற இடத்தில் 2016-இல் குளத்தின் நடுவே 212 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரை விலக்கி ஒரு பாதை போட்டார்கள். சைக்கிளில் போகிறவரின் கண் மட்டத்துக்கு இருபுறமும் நீர் நிற்கும், வாத்துகள் நம் முகத்துக்கு நேராக நீந்திப் போகும். இத்தனைக்கும் வழி கேட்க வேண்டியதில்லை. எல்லாம் அந்த எண் வலைக்குள் அடக்கம்.

என்றாவது அந்தப் பக்கம் போக வாய்த்தால், கெங்கிலோ ஹாசெல்ட்டிலோ ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சந்திப் படத்தைப் பார்த்து எண்களைப் பெரிதாக எழுதுங்கள். பென்சிலைவிடப் பேனா நல்லது. புறப்பட்ட சந்தியின் எண்ணைக் கடைசியில் இன்னொரு முறை எழுத மறந்துவிடாதீர்கள். வாடகைச் சைக்கிளை அங்கேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.